ஒரே திருத்தத்துக்கு இரண்டு பத்திரம்

செயலி ஒன்றில் இருந்த பிழையைச் சரிசெய்துவிட்டதாக நிறுவனம் அறிவிக்கிறது. புதுப்பிப்பு வருகிறது, பிழை போய்விடுகிறது. இரண்டு மாதம் கழித்து அடுத்த புதுப்பிப்பு வந்ததும் அதே பிழை அதே இடத்தில் மறுபடி வந்து நிற்கிறது. கைப்பேசி வைத்திருக்கும் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். பார்த்ததும், எழுதியவர்களுக்குக் கவனம் போதாது என்று முடிவு கட்டியிருப்பார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எல்லோரும் கவனமாக இருந்து, ஒவ்வொரு வரியையும் இன்னொருவர் சரிபார்த்து, சோதனைகளும் தேறிய பிறகும் இப்படி நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மென்பொருள் துறைக்கு வெளியே அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உள்ளே இருப்பவர்களும் அதை ஒரு சில்லறைத் தொல்லையாகத்தான் நினைக்கிறார்கள். ஒரே திருத்தத்தை மென்பொருளின் இரண்டு கிளைகளில், அதாவது தனித்தனியாக வளரும் இரண்டு பிரதிகளில், தனித்தனியாகப் பதிவு செய்துவிட்டு, பின்னொரு நாள் அந்தக் கிளைகளை ஒன்றாக இணைப்பதுதான் அந்தக் காரணம். திருத்தத்தை நகலெடுப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. மறுபடி சந்திக்கப்போகும் இரண்டு கிளைகளுக்கு இடையே நகலெடுப்பது தவறு. அந்தக் கிளைகள் சந்திக்குமா, சந்திக்காதா என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து எழுதிவைக்க வேண்டிய பொறுப்பு குழுவை நடத்துபவர்களுடையது. கடைசியில் இணைக்கும்போது எழும் மோதலைத் தீர்க்க உட்காரும் இளைஞருடையது அல்ல என்பதே என் வாதம்.

இன்று உலகில் எழுதப்படும் மென்பொருளில் மிகப் பெரும்பகுதி கிட் என்ற கருவியில்தான் பாதுகாக்கப்படுகிறது. லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் இதை எழுதினார். அதுவரை கெர்னல் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற வணிகக் கருவியின் இலவச உரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டதால் எழுந்த அவசரத் தேவை அது. கிட்டில் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட். அதில் அந்த நேரத்தில் கோப்புகள் எல்லாம் இருந்த நிலை, எழுதியவர் பெயர், நேரம், விளக்கக் குறிப்பு ஆகியவை அடங்கும். இவற்றோடு, இதற்கு முந்தைய கமிட் எது என்ற குறிப்பும் இருக்கும். இவை அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு 40 எழுத்து நீளமுள்ள ஓர் அடையாள எண் உண்டாக்கப்படுகிறது. வீட்டுமனை வாங்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். எந்தக் கிரயப் பத்திரமும் தனியாக நிற்பதில்லை. இந்தச் சொத்து இன்ன ஆண்டின் இன்ன எண்ணுள்ள பத்திரத்தின் வழியாக வந்தது என்று தன் தாய்ப்பத்திரத்தைச் சுட்டிக்கொண்டே நிற்கும். கமிட்டும் அப்படித்தான். இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. ஒரு கமிட்டில் உள்ள திருத்தத்தை எடுத்து வேறு கிளையில் ஒட்டினால், எழுத்துக்கு எழுத்து அதே திருத்தமாக இருந்தாலும், தாய் மாறிவிட்டதால் அடையாள எண்ணும் மாறிவிடுகிறது. கிட்டின் கண்ணில் அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கமிட்டுகள். இப்படி நகலெடுக்கும் கட்டளைக்குச் செரி-பிக் என்று பெயர். பழக்கூடையில் நல்லதை மட்டும் பொறுக்குவதுபோல் வேண்டிய கமிட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், அவசரத்தில் இருப்பவர்களுக்கு அது மிகவும் பிடித்த கட்டளை.

கிளைகள் ஏன் பிரிகின்றன, எப்படிச் சேர்கின்றன என்பதைப் பார்த்தால்தான் சிக்கல் தெளியும். வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பதிப்பு ஒரு கிளையில் இருக்கும். அதைத் தொந்தரவு செய்யாமல் புதிய வசதியை எழுத இன்னொரு கிளை பிரியும். வேலை முடிந்ததும் இரண்டையும் மெர்ஜ் செய்வார்கள். அப்போது கிட் மூன்று பிரதிகளை அருகருகே வைத்து ஒப்பிடுகிறது: கிளைகள் பிரிந்த கவையில் இருந்த பிரதி, முதல் கிளையின் நுனி, இரண்டாம் கிளையின் நுனி. கவையில் இருந்தபடியே ஒரு கிளையில் இருந்து, மற்றதில் மட்டும் மாறியிருந்தால், மாறியதை எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் ஒரே மாதிரி மாறியிருந்தாலும் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். இரண்டும் வெவ்வேறாக மாறியிருந்தால் மட்டும், என்னால் முடிவுசெய்ய முடியவில்லை, நீங்களே பாருங்கள் என்று நிறுத்திவிடும். அதுதான் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். பயணச்சீட்டுச் செயலி ஒன்றில், கவையில் இருந்த பிரதியில், சேவைக் கட்டணம் 20 ரூபாய் என்று ஒரு வரி. புதிய வசதிக் கிளையில் வேலை செய்பவர் அது தவறு என்று கண்டு 15 ஆக்குகிறார். வாடிக்கையாளர்களுக்கும் அது உடனே போக வேண்டும் என்பதால் அந்தக் கமிட்டை முதன்மைக் கிளைக்கும் செரி-பிக் செய்கிறார்கள், அங்கும் 15. அடுத்த வாரம் வசதிக் கிளையில் அது மேலும் திருத்தப்பட்டு 12 ஆகிறது. இப்போது மெர்ஜ் செய்தால் கிட் பார்ப்பது 20, 15, 12 என்ற மூன்று எண்களை. பதினைந்துக்குப் பிறகுதான் பன்னிரண்டு வந்தது, அது பதினைந்தின் தொடர்ச்சி என்பது மனிதருக்குத் தெரியும். கிட்டுக்கு அது தெரிய வழியில்லை. ஏனென்றால் முதன்மைக் கிளையின் 15 வேறொரு தாய்ப்பத்திரத்தோடு வந்தது. கான்ஃப்ளிக்ட் என்று நிறுத்திவிடுகிறது. இது ஒரு வரியோடு முடிந்தால் கவலையில்லை. நகலெடுத்த கமிட்டுகள் முப்பது, அவை தொட்ட கோப்புகள் இருநூறு என்று ஆகும்போது, உண்மையில் யாரும் யாரோடும் முரண்படாத ஒரு வேலைக்காக நாள் முழுவதும் செலவாகிறது.

கான்ஃப்ளிக்ட் என்று நின்றாலாவது பரவாயில்லை என்று சொல்லவைக்கும் நிலை ஒன்று உண்டு. அதே செயலியில், கட்டணத்தை 15 ஆக்கியதே தவறு என்று பிறகு தெரியவருகிறது. வசதிக் கிளையில் அதை மறுபடி 20 ஆக்கிவிடுகிறார்கள். முதன்மைக் கிளையும் கூடிய சீக்கிரம் மெர்ஜ் ஆகப்போகிறதே, அப்போது தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். மெர்ஜ் நடக்கிறது. கவையில் 20, வசதிக் கிளையின் நுனியில் 20, முதன்மைக் கிளையில் 15. வசதிக் கிளை இந்த வரியைத் தொடவே இல்லை, முதன்மைக் கிளைதான் மாற்றியிருக்கிறது என்று கிட் எடுத்துக்கொண்டு 15 என்றே வைத்துவிடுகிறது. எச்சரிக்கை எதுவும் வராது. எந்த வரியும் சிவப்பில் காட்டப்படாது. தவறு என்று தெரிந்து நீக்கப்பட்ட மாற்றம் நல்ல பிள்ளைபோல உள்ளே இருக்கும். இது கருவியில் உள்ள பழுது அல்ல. கிட்டின் கையேட்டில் மெர்ஜ் கட்டளையைப் பற்றிய பக்கத்திலேயே இது எழுதப்பட்டிருக்கிறது: இரண்டு கிளைகளிலும் செய்த ஒரு மாற்றத்தைப் பிறகு ஒன்றில் மட்டும் விலக்கினால், இணைத்த பிறகு அந்த மாற்றம் இருக்கும், நுனிகளும் கவையும் மட்டுமே பார்க்கப்படுகின்றன, இடையில் உள்ள கமிட்டுகள் பார்க்கப்படுவதில்லை என்பதே காரணம். சிலருக்கு இது குழப்பம் தருகிறது என்றும் கையேடு ஒப்புக்கொள்கிறது. மைக்ரோசாஃப்டில் நெடுங்காலம் பணியாற்றிய ரேமண்ட் சென் 2018இல் இதைப் பற்றியே ஒரு நீண்ட தொடர் எழுதினார். செரி-பிக்கை நிறுத்தி மெர்ஜைத் தொடங்குங்கள் என்பதே அதன் தலைப்பின் பொருள். கான்ஃப்ளிக்ட்டைவிட, கான்ஃப்ளிக்ட் வராமல் போவதுதான் பெரிய ஆபத்து என்பதை அவர் படம்போட்டு விளக்கியிருக்கிறார். கட்டணத்தை மறுபடி 20 ஆக்கிய திருத்தத்துக்குப் பதில், கடவுச்சொல் சரிபார்ப்பில் இருந்த ஓட்டை ஒன்றை அடைத்த திருத்தத்தை அந்த இடத்தில் வைத்து யோசித்தால் ஆபத்தின் அளவு தெரியும்.

இங்கே ஏட்டுச் சுவடிகளின் நினைவு வராமல் இருக்காது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும், 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோதும் அவர் முன் இருந்தவை நகலின் நகலின் நகல்கள். ஒரு சுவடியில் ஒரு சொல், இன்னொன்றில் வேறு சொல். இரண்டுக்கும் மூலமாக இருந்த ஏடு கையில் இல்லை. பாடபேதங்களை எடைபோட்டு, அது எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்தாக வேண்டும். பதிப்பாசிரியரின் உழைப்பில் பெரும்பகுதி அந்த ஊகத்தில்தான் கழிந்தது. கிட் போன்ற கருவியின் பெரிய கொடையே அந்த மூல ஏட்டைத் தொலையாமல் வைத்திருப்பதுதான். எது எதிலிருந்து வந்தது என்பது பதிவில் இருப்பதால் ஊகத்துக்கு வேலையில்லை. செரி-பிக் செய்யும்போது அந்தக் கொடையை நாமே கைவிடுகிறோம். எங்கிருந்து வந்தது என்று சொல்லாத ஒரு பிரதியை உண்டாக்கிவிட்டு, பின்னால் வருபவரைச் சுவடிப் பதிப்பாசிரியரின் நாற்காலியில், அவருடைய புலமையையும் அவகாசத்தையும் தராமல், உட்காரவைக்கிறோம்.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. உலகின் மிகப் பெரிய கூட்டு முயற்சிகளில் ஒன்றான லினக்ஸ் கெர்னலே அன்றாடம் கமிட்டுகளை நகலெடுக்கிறதே என்பார்கள். உண்மைதான். 2005இல் தொடங்கிய நிலைப்பதிப்பு மரபில், ஏற்கெனவே வெளியான பதிப்புகளுக்குத் தேவையான திருத்தங்கள் முதன்மைக் கிளையிலிருந்து எடுத்து ஒட்டப்படுகின்றன. கிரெக் குரோவா-ஹார்ட்மன் போன்ற பராமரிப்பாளர்களின் கையில் இப்படி ஆயிரக்கணக்கான கமிட்டுகள் கடந்துபோயிருக்கின்றன. ஆனால் அதற்கான விதிகளைப் படித்துப் பார்த்தால் அவர்களின் முறை வேறு என்பது தெரியும். முதன்மைக் கிளையில் ஏற்கெனவே இல்லாத எந்தத் திருத்தமும் பொதுவாக நிலைப்பதிப்புக்குள் வராது. வரும் ஒவ்வொன்றும், தான் முதன்மைக் கிளையின் எந்தக் கமிட்டிலிருந்து வந்தது என்பதை அடையாள எண்ணோடு குறிப்பில் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, நிலைப்பதிப்புக் கிளை முதன்மைக் கிளைக்குத் திரும்பி மெர்ஜ் ஆவதே இல்லை. அது பிரிந்துபோய், சில காலம் பராமரிக்கப்பட்டு, ஓய்ந்துவிடும் கிளை. சந்திப்பே இல்லாதபோது நகலால் மோதலும் இல்லை, மௌனமான தவறும் இல்லை. கூகுளின் குரோமுக்கு அடிப்படையான குரோமியம் திட்டத்திலும் இதே ஒழுங்குதான்: திருத்தம் முதலில் முதன்மைக் கிளையில் சேரும், தேவையானால் வெளியீட்டுக் கிளைக்கு நகலாகும், அந்தக் கிளை திரும்பி வராது. ஆக, லினக்ஸ் செய்கிறது என்று சொல்லிச் செரி-பிக் செய்யும் குழு, லினக்ஸ் கடைப்பிடிக்கும் நிபந்தனையையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நகலை மட்டும் எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டால், அந்த உதாரணம் அவர்களுக்குத் துணைவராது.

கிட்டையே எழுதிப் பராமரிக்கும் குழு இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது என்பது இன்னும் சுவையான செய்தி. 2005 ஜூலையிலிருந்து அதைப் பராமரித்துவரும் ஜூனியோ ஹமானோவின் நடைமுறையில், திருத்தம் பிறக்க வேண்டிய இடம் அது தேவைப்படும் கிளைகளிலேயே மிகப் பழையது. பழைய பதிப்பின் பராமரிப்புக் கிளையில் திருத்துவார்கள், பிறகு அந்தக் கிளையை அதற்கு மேலுள்ள முதன்மைக் கிளைக்குள் மெர்ஜ் செய்வார்கள், அதிலிருந்து அடுத்ததற்கு. வாய்க்காலில் விட்ட தண்ணீர் ஒரே திசையில் ஓடுவதுபோல் திருத்தம் கீழிருந்து மேலே பாய்கிறது. அந்த ஒரே கமிட், அதே அடையாள எண்ணோடு, எல்லாக் கிளைகளிலும் இருக்கிறது. நகல் என்ற பேச்சே எழுவதில்லை. கிட்டின் கையேட்டில் பணிமுறைகளைப் பற்றிய பகுதி இதை ஒரு விதியாகவே சொல்கிறது. லினக்ஸ் முறை மேலே திருத்திக் கீழே நகலெடுக்கிறது, கிட் குழுவின் முறை கீழே திருத்தி மேலே இணைக்கிறது. இரண்டும் பல ஆண்டுகளாக நன்றாக ஓடுகின்றன. எனவே எது சிறந்தது என்று சண்டையிடுவதில் பொருளில்லை. பாழாவது, இரண்டையும் ஒரே ரெப்போவில், அதாவது ஒரே கிட் களஞ்சியத்தில், கலந்து, இன்று மேலிருந்து கீழே நகல், நாளை கீழிருந்து மேலே மெர்ஜ் என்று ஆளுக்கு ஏற்பவும் அவசரத்துக்கு ஏற்பவும் செய்யும் இடங்களில்தான்.

அவசரம் என்றதும் இரண்டாம் மறுப்பு வந்துவிடுகிறது. நள்ளிரவில் பணப் பரிமாற்றம் நின்றுபோயிருக்கிறது, வாடிக்கையாளர் தொலைபேசியில் கத்திக்கொண்டிருக்கிறார், அந்த நேரத்தில் தாய்ப்பத்திரம் தேடிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் மாற்று வழி ஒன்றும் நேரத்தை விழுங்குவது அல்ல. இரண்டு கிளைகளும் பிரிந்த கவையைக் கிட்டிடம் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடும். அங்கிருந்து ஒரு சின்னக் கிளையைப் பிரித்து, திருத்தத்தை அதில் செய்து, அந்தச் சின்னக் கிளையை இரண்டு பக்கமும் மெர்ஜ் செய்தால் வேலை முடிந்தது. கூடுதலாகச் செலவாவது ஒன்றிரண்டு கட்டளைகள். இதனால் கிடைப்பதோ பெரிது: இரண்டு கிளைகளுக்கும் பொதுவான மூதாதை இப்போது அந்தத் திருத்தமே ஆகிவிடுகிறது, கவை முன்னால் நகர்ந்துவிட்டது. முன்சொன்ன உதாரணத்தில், கவையில் இப்போது 15 இருக்கும். வசதிக் கிளை அதை 12 ஆக்கினால் மெர்ஜில் 12 சிக்கலின்றி வரும். மறுபடி 20 ஆக்கினால் 20 வரும். கான்ஃப்ளிக்ட்டும் இல்லை, மௌனத் தவறும் இல்லை. திருத்தத்தை ஏற்கெனவே வசதிக் கிளையில் செய்துவிட்டோம், அப்போது கவை நினைவுக்கு வரவில்லை என்றாலும் கதவு மூடிவிடவில்லை. அந்தத் திருத்தத்தைச் சின்னக் கிளைக்கு ஒருமுறை நகலெடுத்து, உடனே இரண்டு பக்கமும் மெர்ஜ் செய்துவிட்டால், இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் அந்தத் தருணத்திலேயே உறவு பதிவாகிவிடும். திருத்தம் வசதிக் கிளையில் புதிதாக எழுதிய பகுதிகளைச் சார்ந்திருந்தால் மட்டும் இது பயன்படாது. ஆனால் அப்போது முதன்மைக் கிளைக்குப் போவது நகலாகவே இருக்க முடியாது. அங்குள்ள நிலைமைக்கு ஏற்ப எழுதப்படும் வேறு திருத்தம் அது. அப்படித் தெரிந்தே எழுதுவது நல்லது.

இதுவரை பேசியது தெரிந்து எடுக்கும் நகல்களைப் பற்றி. தெரியாமலே உண்டாகும் நகல்கள் இவற்றைவிட அதிகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கிட்ஹப் தளம் 2016இல் ஸ்குவாஷ் என்ற வசதியைக் கொண்டுவந்தது. ஒரு கிளையில் உள்ள நாற்பது சின்னச் சின்னக் கமிட்டுகளையும் ஒன்றாகப் பிசைந்து, ஒரே கமிட்டாக முதன்மைக் கிளையில் சேர்க்கும் பொத்தான் அது. வரலாறு சுத்தமாகத் தெரியும் என்பதால் பலருக்கும் பிடித்துப்போனது. அந்த ஒற்றைக் கமிட்டுக்கும் மூலக் கிளையில் உள்ள நாற்பதுக்கும் உறவு எதுவும் பதிவாவதில்லை. கிளையை அத்தோடு அழித்துவிட்டால் தொல்லையில்லை. அதே கிளையில் தொடர்ந்து வேலை செய்து அடுத்த மாதம் மறுபடி ஸ்குவாஷ் செய்தால், பழைய நாற்பதும் புதியவையாக மறுபடி வந்து நிற்கும், தீர்த்த கான்ஃப்ளிக்ட்டுகளையே திரும்பத் தீர்க்க வேண்டிவரும். நெடுங்காலம் ஓடும் கிளைகளுக்கு இது ஏற்றதல்ல என்று கிட்ஹப்பின் விளக்கப் பக்கங்களே சொல்கின்றன. பலர் பகிர்ந்துகொள்ளும் கிளையை ஒருவர் ரீபேஸ் செய்து, அதாவது பழைய கமிட்டுகளையே புது இடத்தில் திரும்ப எழுதி, அதைச் சர்வருக்கு அனுப்பினாலும் இதேதான். சக ஊழியர் தன்னிடமுள்ள பழைய பிரதியை மெர்ஜ் செய்யும்போது எல்லாக் கமிட்டும் இரண்டிரண்டாகிவிடும். நேர்கோட்டு வரலாறு வேண்டும், மெர்ஜ் கமிட்டுகள் கண்ணை உறுத்துகின்றன என்பவர்களின் வாதத்தை நான் முழுவதும் தள்ளவில்லை. பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று பின்னோக்கித் தேடும்போது நேர்கோடு உதவும். ஒருவர் தன் கணினியில் மட்டும் வைத்திருக்கும் வேலையை எத்தனை முறை வேண்டுமானாலும் ஒழுங்குபடுத்திக்கொள்ளட்டும். ஆனால் பலர் கைக்குப் போய்விட்ட வரலாற்றை அழகுக்காக மாற்றி எழுதுவது, பதிவான பத்திரத்தைக் கையெழுத்து நன்றாக இல்லை என்று திரும்ப எழுதுவதற்குச் சமம். அடுத்த வில்லங்கச் சான்று எடுக்கும்போது அதன் விலை தெரியும்.

மூன்றாவது மறுப்பு கருவிகளிடம் நம்பிக்கை வைக்கிறது. ஒரே திருத்தத்தை அடையாளம் காண வழி இல்லையா என்ன? இருக்கிறது. வரி எண்களையும் இடைவெளிகளையும் விட்டுவிட்டுத் திருத்தத்தின் உள்ளடக்கத்தை மட்டும் வைத்துக் கணக்கிடும் பேட்ச்-ஐடி என்ற எண் கிட்டில் உண்டு. ரீபேஸ் செய்யும்போது, மறுபக்கத்தில் ஏற்கெனவே உள்ள திருத்தங்களை இதை வைத்துத்தான் அது தவிர்க்கிறது. ஆனால் மெர்ஜ் இதைப் பார்ப்பதே இல்லை. நகலெடுக்கும்போது சுற்றியுள்ள வரிகளுக்கு ஏற்ப ஓர் எழுத்தை மாற்றியிருந்தாலும் அந்த எண்ணும் மாறிவிடும். ஒருமுறை தீர்த்த கான்ஃப்ளிக்ட்டை நினைவில் வைத்திருந்து அடுத்தமுறை தானே தீர்க்கும் ரீரீரீ என்ற வசதியும் இருக்கிறது. அது உழைப்பை மிச்சப்படுத்தும். ஆனால் கான்ஃப்ளிக்டே காட்டாத தவறை அதனால் பிடிக்க முடியாது. செரி-பிக் கட்டளையோடு எக்ஸ் என்ற துணைக்குறியைச் சேர்த்தால் மூலக் கமிட்டின் எண் குறிப்பில் பதிவாகும். மனிதர்களுக்கு அது பெரிய உதவி. மெர்ஜுக்கு அது வெறும் எழுத்து. கிட் மட்டும்தான் உலகமா என்று கேட்பதும் சரிதான். சப்வெர்ஷன் என்ற கருவி 2008இல் வந்த 1.5 பதிப்பிலிருந்து, எந்தத் திருத்தம் எங்கே சேர்க்கப்பட்டது என்ற கணக்கைத் தானே வைத்துக்கொண்டது. இயற்பியலாளர் டேவிட் ரவுண்டி உருவாக்கிய டார்க்ஸ், அதன் வழியில் வந்த பிஹுல் ஆகியவை திருத்தத்துக்கே அடையாளம் கொடுப்பதால், அதை எங்கே கொண்டுபோனாலும் அதே திருத்தமாகவே அறிகின்றன. எனவே இது தீர்க்கவே முடியாத விதி அல்ல, கிட் எடுத்த வடிவமைப்பு முடிவின் விளைவு என்பது உண்மை. ஆனால் நாளைக்கே எல்லோரும் வேறு கருவிக்குப் போய்விடப்போவதில்லை. இருக்கும் கருவியின் இயல்பை அறிந்து வேலை செய்வதே இப்போது நம்மால் முடிந்தது.

அந்த அறிவு யாரிடம் இருக்க வேண்டும் என்பதில்தான் எனக்கு உண்மையான ஆதங்கம். சென்னையிலும் கோவையிலும் பல குழுக்கள் செய்வது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைப் பராமரிக்கும் வேலை. ஒரே மென்பொருளின் மூன்று நான்கு பதிப்புகள் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும். வாடிக்கையாளருக்கு ஒரு கிளை, அடுத்த வெளியீட்டுக்கு ஒரு கிளை, அவசரத் திருத்தங்களுக்கு ஒரு கிளை. எந்தத் திருத்தம் எங்கே போக வேண்டும் என்று மேலிருந்து சொல்வார்கள். எப்படிப் போக வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். வெளியீட்டுக்கு முந்தைய மாலையில் மெர்ஜ் செய்ய உட்காருபவர் பெரும்பாலும் குழுவிலேயே இளையவர். முந்நூறு கான்ஃப்ளிக்ட்டுகள் திரையில் வரும். அவற்றில் பல, ஆறு மாதம் முன்பு வேறு யாரோ எடுத்த நகல்களின் நிழல். எந்தப் பக்கத்தை வைப்பது என்று தெரியாமல் ஏதோ ஒன்றைத் தேர்ந்து முடிப்பார். அதில் ஒரு திருத்தம் தொலைந்தால், பழி அவர் பெயரில் எழுதப்படும், ஏனென்றால் மெர்ஜ் கமிட்டில் இருப்பது அவர் பெயர். இது நியாயமில்லை. தீர்வைச் சொல்லும்போது திறமை, கவனம் என்று தனிமனிதரைப் பார்த்துப் பேசும் பழக்கத்தை விட வேண்டும். மாற்று மாதிரி ஒன்று கண்முன்னே இருக்கிறது. ஸ்டீபன் ராத்வெல் 2008இல் தொடங்கிய லினக்ஸ்-நெக்ஸ்ட் என்ற ஏற்பாட்டில், அடுத்த கெர்னலுக்குப் போகவிருக்கும் நூற்றுக்கணக்கான கிளைகள் வேலைநாள்தோறும் முன்கூட்டியே ஒன்றாக இணைத்துப் பார்க்கப்படுகின்றன. ஒரே திருத்தம் இரண்டு கிளைகளில் வேறு வேறு கமிட்டாக இருப்பது தெரிந்தால், அந்தக் கிளைகளின் பராமரிப்பாளர்களுக்கு அடையாள எண்களோடு ஒரு சிறிய அறிவிப்புக் கடிதம் போகும். பழியும் இல்லை, அறிவுரையும் இல்லை; நகல் இருக்கிறது என்ற தகவல் மட்டும், அதைச் சரிசெய்ய அதிகாரம் உள்ளவரிடம், மோதல் வளர்வதற்கு முன்பே போய்ச் சேர்கிறது.

நம் குழுக்களில் இதற்குப் பெரிய ஏற்பாடு தேவைப்படாது. ரெப்போவின் முகப்புக் கோப்பில், உயிரோடிருக்கும் கிளைகளின் பெயரை எழுதி, ஒவ்வொன்றும் எதனுள் மெர்ஜ் ஆகும், எது எதற்குள்ளும் ஆகாது என்று ஓர் அம்புக்குறிப் படம் போட அரை மணி நேரம் போதும். மெர்ஜ் ஆகும் என்று அம்புக்குறி உள்ள இரண்டு கிளைகளுக்கு நடுவே செரி-பிக் வேண்டும் என்று யாராவது கேட்டால், வெளியீட்டுக்குப் பொறுப்பானவர் தன் பெயரில் ஒப்புதல் தரட்டும். அன்றே இரு கிளைகளையும் ஒருமுறை இணைத்துவிடும் பொறுப்பும் அவருடையதாக இருக்கட்டும். கல்லூரிகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் கிட் என்றால் ஐந்தாறு கட்டளைகளின் பட்டியல் என்று கற்றுக்கொடுப்பதற்குப் பதில், முதல் நாளே கரும்பலகையில் ஒரு கவையை வரைந்து, 20, 15, 12 என்று மூன்று எண்களை எழுதி, மெர்ஜ் செய்தால் என்ன வரும் என்று மாணவர்களிடம் கேட்கலாம். பிறகு பன்னிரண்டை அழித்துவிட்டு அந்த இடத்தில் மறுபடி 20 என்று எழுதி, அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்கலாம்.